பறவை ஒன்று, ஆள் ஒன்று

பிப்ரவரி 11, ஞாயிறு

வெண்பாறை மலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. களக்குறிப்பேட்டில் பறவைகளைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று மாணவர்களுக்கு விதி போட்டவள் நான்தான். மனிதர்களைத் திட்டுவதற்கும் ஓரிடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த நோட்டு.

குடிலின் கூரை போன பருவத்தில் ஒழுகிய இடத்திலேயே ஒழுகுகிறது. சமையலுக்கும் சாமான் தூக்குவதற்கும் அன்னக்கொடி வந்துவிட்டாள். அவளுக்கு அட்டை பிடிக்காது, மழை பிடிக்காது, பறவை என்றால் அறவே பிடிக்காது. சம்பளம் மட்டும் பிடிக்கும். என் துறையில் பாதிப் பேர் அப்படித்தான், அவள் வெளியே சொல்கிறாள்.

வந்த வேலை சோலைச்சிட்டான். நீல முதுகு, வெள்ளை வயிறு, நீண்ட கால். மரத்தடி இருட்டில் புழு பொறுக்கும். பறக்கச் சோம்பல். வெயில் பட்டால் ஏதோ கௌரவக் குறைச்சல் போல ஒதுங்கிக்கொள்ளும்.

இதன் கதையை முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வது போலவே இங்கும் எழுதிவைக்கிறேன். ஒரு காலத்தில் பூமி குளிர்ந்து கிடந்தது. குளிர் விரும்பும் சோலைக்காடு மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை இறங்கி நின்றது. வடக்கே இந்த வெண்பாறை மலை, தெற்கே தேன்வரை மலை, நடுவில் காற்றடிக் கணவாய். அந்தக் கணவாயிலும் அப்போது மரம் இருந்ததால் சிட்டான் இரண்டு பக்கமும் உறவாடிக்கொண்டிருந்தது. பிறகு பூமி சூடேறியது. காடு தன் குளிரைத் தேடி மேலே ஏறிவிட்டது. கணவாய் முள்ளும் வெயிலுமாகப் போனது. நிழலில்லாத இடத்தில் கால் வைக்காத பறவை அதனதன் மலையில் மாட்டிக்கொண்டு பல லட்சம் வருடம் ஆகிறது. இங்கே மழை அதிகம், காடு அடர்த்தி, பாட்டு தாழ்ந்த குரலில் இழுவையாக இருக்கும். அங்கே காடு கொஞ்சம் வெளிச்சமானது, பாட்டு உச்ச ஸ்தாயியில் அவசர அவசரமாக வரும்.

இரண்டும் இப்போது வேறு வேறு இனம் என்பது என் வாதம். ஒரே இனம்தான், வட்டார வழக்கு மட்டுமே வேறு என்பது எதிர்வாதம். எதிர்வாதத்தின் சொந்தக்காரர் தாணுமாலயன். தேன்வரை மலையில் ஆய்வு செய்கிறார். என் கணவர். ரேஷன் கார்டில் இன்னும் என் பெயருக்கு மேலே அவர் பெயர்தான் இருக்கிறது.

பதினொரு வருடமாக அவர் அந்த மலையில், நான் இந்த மலையில். யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது, இரண்டு பேரும் மற்றவர் வரட்டும் என்று இருந்தோம். இந்தப் பறவை வேறு இனம் இல்லை என்று ஆகிவிட்டால், பதினொரு வருடம் இங்கே எதற்கு உட்கார்ந்திருந்தாய் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பறவை வேண்டும்.

பிப்ரவரி 14, புதன்

கல்லூரி முதல்வர் பெருமாள்சாமி போனில் வந்தார். என் கட்டுரை ஆய்வுப் பத்திரிகையின் மதிப்பீட்டில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், பறவைக்குப் பேரு வெச்சாச்சுங்களா?"

"சார், இன்னும் அது தனி இனம்னே ஒத்துக்கலை."

"அதெல்லாம் ஒத்துக்குவாங்க மேடம். நம்ம ஃபவுண்டர் ஐயா பேர வெச்சரலாங்க. கமிட்டியில பேசிட்டனுங்க."

எங்கள் நிறுவனர், கல்வித் தந்தை குப்பண்ணன், வாழ்நாளில் அக்கறையோடு பார்த்த பறவை பிராய்லர் கோழி ஒன்றுதான். லத்தீனில் 'குப்பண்ணானி' என்று வரும். பல லட்சம் வருடம் தனியாகக் கிடந்து, வெயிலுக்குப் பயந்து, புழு தின்று உயிர் பிழைத்த ஒரு பறவைக்கு இது தேவையா?

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று மூன்று இடங்களில் சோதனை. போன வருடமே கட்டுரைக்குத் தேவையானதைச் செய்துவிட்டேன், இது கூடுதலுக்கு. முறை மிக எளிது. சிட்டான் இருக்கும் புதரருகே ஒலிபெருக்கியை வைத்துப் பாட்டைப் போட வேண்டும். இந்த மலைப் பாட்டைப் போட்டால், எவனோ என் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று ஆண் சிட்டான் பாய்ந்து வரும். தெற்கு மலைப் பாட்டுக்கும் வந்தால் இரண்டும் ஒரே இனம். வராவிட்டால், தன் இனம் என்றே அதற்குத் தோன்றவில்லை என்று பொருள்.

தெற்குப் பாட்டுகள் எல்லாம் தாணு பதிவு செய்தவை. பொது ஆவணத்தில் போட்டுவைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் யார் வேண்டுமானாலும் என்பதில் வருகிறேன்.

பதிவு செய்கிறவர்கள் இடம், காற்று, பறவை எத்தனை, ஆள் எத்தனை என்று வாயால் சொல்லிப் பதிவில் சேர்ப்பது வழக்கம். ஆள் நடமாட்டம் பறவையைக் கலைக்கும் என்பதால் ஆள் கணக்கும் உண்டு. நான் பாட்டு முடிந்த பிறகு சொல்வேன். அவர் முதலிலேயே சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் சொன்னால் மறந்துபோகும் என்பார் அவர். முன்னால் பேசினால் பறவை போய்விடும் என்பேன் நான்.

"தேன்வரை மலை. நடுச்சோலை. காத்து இல்ல. பறவை ஒண்ணு. ஆள் ஒண்ணு." அதன் பிறகு பாட்டு வரும். ஒவ்வொரு கோப்பும் இப்படித்தான். பழைய பதிவுகளில் ஆள் ரெண்டு என்று இருக்கும்.

இன்றும் தெற்குப் பாட்டுக்கு ஒரு சிட்டான்கூட வரவில்லை. வடக்குப் பாட்டுக்கு மூன்று இடத்திலும் வந்தது. சந்தோஷமாக ரசம் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 3, ஞாயிறு

மழை. அட்டை. ரவா உப்புமா.

மார்ச் 9, சனி

மதிப்பீடு வந்துவிட்டது. முதல் மதிப்பீட்டாளர் தேன் போலப் பேசியிருக்கிறார்: 'முக்கியமான ஆய்வு, தெளிவான முடிவு.' படித்த மனிதர்.

இரண்டாமவர் பெயரில்லாத இன்னொரு பேர்வழி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: 'தெற்குப் பதிவுகளின் தொடக்கத்தில் உள்ள மனிதக் குரல் சோதனைக்கு முன் நீக்கப்பட்டதா? இல்லையெனில், பறவை வராததற்குக் காரணம் பாட்டா, குரலா?'

என்ன ஒரு அல்பத்தனம்! மரபணு, அலகு அளவு, பத்து வருடக் கூடுகள், மழைக் கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவருக்குக் குரல்தான் கிடைத்ததா? மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. கொள்கை இல்லாதவர்களுக்கு இது புரியாது.

அன்னக்கொடி, "என்னாம்மா, போன்ல யாரையாவது திட்டுறீங்களா?" என்று எட்டிப் பார்த்தாள். போன் என் கையிலேயே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

அந்தப் பேர்வழி தாணுதான்.

மார்ச் 18, திங்கள்

பதில் எழுதினேன். காரமாக வந்தது. படித்துப் பார்த்துவிட்டு அனுப்பாமல் வைத்தேன். வேறொன்று எழுதினேன், அதில் காரமும் இல்லை பதிலும் இல்லை.

பெருமாள்சாமி தேதி குறித்துவிட்டார். சித்திரை முதல் நாள் பத்திரிகையாளர் சந்திப்பு. 'உலகிலேயே முதன்முறையாக' என்று பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்றாம். உலகத்தில் எல்லாப் பறவையும் முதன்முறையாகத்தான் கண்டுபிடிக்கப்படும் என்று சொல்லிப் பார்த்தேன். "அதேதானுங்க மேடம்" என்றார்.

மார்ச் 29, வெள்ளி

காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி வாசலில் யாரிடமோ பேசினாள். "குழல்வாய்மொழி மேடம் இருக்காங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. மறுநொடி முறம் கீழே விழும் சத்தம்.

"ஏம்மா! சீக்கிரம் வாங்கம்மா! நம்ம பெட்டியில பேசுற சாரு வந்துருக்காரு! பறவ ஒண்ணு ஆளு ஒண்ணு சாரு!"

வெளியே வந்தேன். தாணு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"எங்குரல் இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சோதனைக்குப் போடுறதக் கேட்டிருப்பா" என்றேன்.

"காட்டுலயா?" என்றாள் அந்தப் பாவி. "அங்கிட்டு நான் அட்டைக்குப் பயந்துக்கிட்டு தூரமால்ல நிப்பேன். தெனம் சாயங்காலம் காப்பி குடிக்கயில போடுவாங்களே சார், அப்பக் கேட்டதுதான்."

ஒலிபெருக்கி சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அதை விளக்கினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சாப்பிடும்போது நேராகவே கேட்டேன். "ரெண்டாவது மதிப்பீட்டாளர் நீங்கதானே?"

"அதச் சொல்லக் கூடாதுல்லா, விதி."

"விதி தெரிஞ்சவரு இங்க எதுக்கு வந்தீங்க?"

"கேள்வி அனுப்பின அன்னைக்கே பத்திரிகைக்கு எழுதிட்டேன். இந்தக் கட்டுரைய நான் பாக்கக் கூடாது, இது எம் பொண்டாட்டி எழுதினது, வேற ஆளப் போடுங்கன்னு. அங்க உள்ளவனுக்கு நம்ம ரேஷன் கார்டா தெரியும்? இப்ப நான் மதிப்பீட்டாளர் இல்ல. சும்மா ஆளு. அதான் நேர்ல கேக்க வந்தேன்."

பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அந்த வார்த்தையைப் போட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கவில்லை. ரசத்துக்கு உப்பு போதவில்லை என்றேன். போதும் என்றார்.

மார்ச் 30, சனி

சோலைக்குள் போனோம். ஒலிபெருக்கியை வைத்து, எப்போதும் போடுவது போலத் தெற்குக் கோப்பைப் போட்டேன். அவர் குரல் காட்டுக்குள் பேசியது. பறவை ஒண்ணு. ஆள் ஒண்ணு. எதிரே புதரில் புழு தேடிக்கொண்டிருந்த சிட்டான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் பாட்டு வந்தது, கேட்க ஆளில்லாமல்.

தாணு என்னையே பார்த்தார். "ஏட்டி, இத வெட்டாமலா போடுத?"

"மூலக் கோப்புல கை வைக்கக் கூடாது."

"பிரதி எடுத்து வெட்ட வேண்டியதுதானே. முன்னால பேசினா பறவை போயிரும்னு எங்கிட்ட எத்தன வருசம் சண்ட போட்டே நீ?"

"மறந்துட்டேன்."

"நீயா?"

ஒரு பறவை ஆய்வாளர், இருபது வருட அனுபவம், முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் தவறைச் செய்திருக்கிறாள். வெட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். உட்கார்ந்து வெட்டத்தான் போவேன். அந்தக் குரல் ஓடும், முடியும். வெட்டாமல் எழுந்துவிடுவேன். இதைக் கட்டுரையில் 'முறைமைகள்' என்ற தலைப்பின் கீழ் எப்படி எழுதுவது?

வெட்கமாக இருக்கிறது. அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

குரலை அவரே வெட்டிக் கொடுத்தார். தன் குரலைத் தானே நறுக்கும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன்.

வாரம் முழுதும் சோலை சோலையாகப் போய்ப் போட்டோம். பழைய கூடுகள் இருந்த கிணற்றுப் பாறைக்குக் கீழே இப்போது சிட்டானே இல்லை, வருடா வருடம் சூட்டுக்குப் பயந்து மேலே மேலே போகிறது. போகட்டும், ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டு, அதற்கு மேல் வானம்தான். உச்சிச் சோலை வரை ஏறினோம். என் முழங்காலும் அவர் மூச்சும் போட்டி போட்டன.

வெறும் பாட்டு. முன்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு சிட்டான்கூட வரவில்லை. சில பறவைகள் நின்று கேட்டன, கேட்டுவிட்டுப் புழுவைப் பார்க்கப் போய்விட்டன.

கடைசிச் சோதனை முடிந்ததும் தாணு பாறையில் உட்கார்ந்தார். "நீ சொன்னதுதான் சரி குழலு. இதுக்கு எங்க பாட்டு புரியவே இல்ல."

ஜெயித்துவிட்டேன். பதினொரு வருடமாக இந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டேன். வாய்க்குள் ஏதோ காய்ந்த இலையைப் போட்டது போல இருந்தது.

ஏப்ரல் 6, சனி

கிளம்பிவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார். "நீ பாதிதான் செஞ்சிருக்கே. எங்க பாட்ட இங்க போட்டுப் பாத்தே. உங்க பாட்ட அங்க போட்டுப் பாத்தியா?"

"அதுக்கு அந்த மலைக்கு வரணும்."

"ஆமா" என்றார். என் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்னக்கொடி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். எனக்கு ஒருநாளும் கட்டிக் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை முதல் நாள்

கல்லூரி வாசலில் வாழைமரம். மேடையில் நிறுவனர் படத்துக்கு ஆளுயர மாலை. பேனரில் 'உலகிலேயே முதன்முறையாக' என்ற வரிக்குக் கீழே ஒரு மீன்கொத்தி, வாயில் மீனோடு. நீலமாக இருந்தால் போதும் என்று அச்சகத்தில் நினைத்திருக்கிறார்கள்.

மேடையேறப் போகும் நேரத்தில் தாணு கூப்பிட்டார்.

"குழலு, வருது."

"எது?"

"எங்க சிட்டான். உங்க பாட்டப் போட்டா வருது. ஒரு எடத்துல இல்ல, போட்ட எல்லா எடத்துலயும். கிளைக்குக் கிளை தாவிட்டு ஸ்பீக்கர் மேலயே வந்து உக்காருது."

"அது எப்படி?"

"தெரியலயே. இந்தப் பக்கம் வருது. உங்க பக்கந்தான் வரமாட்டேங்கு."

பின்னால் மைக் சோதிக்கும் சத்தம். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

"என் பதிவுல பின்னால எங்குரல் வருமே. வெட்டிட்டுத்தானே போட்டீங்க?"

"வெட்டல."

"ஏன்?"

"பாட்டு முடிஞ்சப்புறந்தானே வருது, அதனால சோதனைக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு சொன்னார், "நீ பேசி முடிக்க வரைக்கும் அது போகல குழலு. அங்கனயே நின்னு கேட்டுட்டிருந்துச்சு."

ஒரு பக்கம் மட்டும் பதில் வருவது பறவைகளிடம் புதிதல்ல. பல காரணங்கள் சொல்லலாம். தெற்குக் காடு சிறியது, அங்கே பறவைக்கு எந்தப் பாட்டும் அபாயமாகத் தோன்றலாம். பழைய பாட்டின் நினைவு ஒரு மலையில் தங்கி மறு மலையில் அழிந்திருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மேடைக்கு வரச் சொல்லி ஆள் வரும்வரை போனை வைக்கவில்லை.

மேடையில் பெருமாள்சாமி என்னை உலகப் புகழ் என்று அறிமுகம் செய்தார். ஒரு நிருபர் எழுந்து, "இந்தப் பறவை மனுசன் மாதிரி பேசுமாங்க?" என்று கேட்டார். மற்றொருவர் இது கறிக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இது புது இனம்னு இப்ப சொல்ல முடியாது. வடக்குப் பறவை தெற்குப் பாட்டுக்கு வரலை. தெற்குப் பறவை வடக்குப் பாட்டுக்கு வருது. அதுவும் எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். என் சோதனையில ஒரு தப்பும் இருந்துச்சு, அதை நானே செஞ்சேன். கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறேன்."

பெருமாள்சாமி என் காதருகே குனிந்தார். "மேடம், பேனர் அடிச்சாச்சுங்களே."

"மீன்கொத்தி ஏற்கெனவே இருக்குற இனந்தான் சார். அதுக்கு ஐயா பேர வெச்சுக்கோங்க" என்றேன். மைக் அணைக்கப்படவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நிறுவனரின் கண்ணியத்துக்கு ஊறு விளைவித்தேனாம். ஊறு அந்த மாலைக்குத்தான் விளைந்தது, மேடையை விட்டு இறங்கும்போது என் புடவைத் தலைப்பு மாட்டி இழுத்துவிட்டது. பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

தெற்குப் பறவை உண்மையிலேயே வருகிறதா என்று யாராவது நேரில் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி அறிவியலில் எதையும் எழுத முடியாது. இது சரிபார்ப்பு, அவ்வளவுதான்.

அன்னக்கொடி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "காட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா பட்டுச்சேல?" என்றாள். வேலையைப் பார் என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது. காற்றடிக் கணவாய். ஜன்னல் கம்பி கையைச் சுடுகிறது. இரண்டு பக்கமும் முள், காற்றாலை, வெள்ளாடு. நிழல் என்று ஒன்று கண்ணில் படவில்லை. இதைக் கடக்க முடியாமல்தான் ஒரு பறவை இரண்டாகப் பிரிந்தது. எத்தனையோ வகுப்பில் இந்தக் கணவாயைப் பலகையில் வரைந்திருக்கிறேன். இந்தப் பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட இந்தப் பாதையில் வந்ததில்லை.

நடத்துனரிடம் கேட்டேன். "இந்த பஸ் எப்பருந்து ஓடுது?"

"இதாக்கா? நான் வேலைக்குச் சேந்தே பதினெட்டு வருசம் ஆகுது, அதுக்கும் முந்தியே ஓடுது. தெனம் ரெண்டு தடவ."

"கூட்டமா இருக்குமோ?"

"எங்க? எப்பவும் காலி சீட்டோடதான் போவோம்."

பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுதினால் களக்குறிப்பு போல ஆகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு சொல்வதுதான் என் பழக்கம், அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே போன் செய்தேன். காற்றுச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"காற்றடிக் கணவாய். காத்து ரொம்ப. பறவை இல்ல."

தாணு கேட்டார், "ஆள் எத்தன?"

"ஒண்ணு. பாட்டு எதுவும் போட வேண்டாம், நானே வாரேன்."